வந்தோர் தங்கிய துறைமுகம்

கொச்சித் துறைமுகத்தை நிர்மாணித்தவர் யார் என்று கேட்டால், அந்நகரத்தார் அரசர் ஒருவருடைய பெயரையோ மாலுமி ஒருவருடைய பெயரையோ சொல்வதில்லை. 1341 ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகி வந்த ஒரு வெள்ளத்தையே சொல்லுகிறார்கள். யவனருடைய மரக்கலங்கள் பொன்னை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிச் சென்ற பட்டினமென்று அகநானூற்றாலும் ரோமானிய ஆசிரியர்களின் குறிப்புகளாலும் நாம் அறிந்திருக்கும் முசிறி, அந்த ஆற்றின் முகத்துவாரத்தில், இன்றைய கொடுங்கல்லூருக்கு அருகே இருந்தது. வெள்ளம் வாரிக்கொண்டு வந்த மணலும் வண்டலும் அப்பழந்துறையைத் தூர்த்துவிட, அதற்குத் தெற்கே சுமார் முப்பது கிலோமீட்டர் தொலைவில், அதுவரை அமைதியாகத் தேங்கிக் கிடந்த காயல் நீர் கரையை உடைத்துக்கொண்டு சமுத்திரத்தோடு கலப்பதற்குப் புதியதொரு வாயில் திறந்தது என்பது பரம்பரையாக வழங்கி வரும் செய்தி.

அந்த வாயிலின் வழியே வந்தவர்கள் பலர். அரபு வணிகரும் சீன வணிகரும் வந்தார்கள். கொடுங்கல்லூரில் வாழ வழியற்றுப்போன யூதர்கள் தெற்கே நகர்ந்து வந்தார்கள். 1500 ஆம் ஆண்டின் இறுதியில் போர்த்துகீசியர் வந்தனர்; 1663 இல் டச்சுக்காரர் அவர்களை முறியடித்துக் கோட்டையைக் கைக்கொண்டனர்; 1795 இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரை அகற்றினர். இவ்வாறு பீரங்கிகளோடு வந்தவர்கள் ஒருபுறமிருக்க, கோவாவில் போர்த்துகீசியர் செய்த மதக் கெடுபிடிகளுக்கு அஞ்சித் தங்கள் தெய்வங்களைச் சுமந்துகொண்டு ஓடிவந்த கொங்கணியர், கட்சு தேசத்திலிருந்து வந்த மேமன்கள், குஜராத்தி வணிகர், ஜைனர், தமிழ்நாட்டிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் என்று பிழைப்பை நாடி வந்தவர்களும் உண்டு. மட்டாஞ்சேரியைச் சுற்றியுள்ள சிறிய நிலப்பரப்பில் முப்பதுக்கு மேற்பட்ட சமூகத்தார் வசிப்பதாக ஊரார் கணக்குச் சொல்கிறார்கள். ஆள வந்தவர்கள் தத்தம் கொடியை இறக்கிக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். பிழைக்க வந்தவர்களில் பெரும்பாலோர் தங்கிவிட்டார்கள். கொச்சியின் ஜீவன் இந்த இரண்டாவது வகையினரிடத்தில்தான் இருக்கிறதென்பதும், பிரயாணிகளுக்கென்று அச்சிடப்படும் கையேடுகள் பெரும்பாலும் முதல் வகையினரைப் பற்றியே பேசுகின்றன என்பதும் என்னுடைய துணிந்த அபிப்பிராயம்.

நீர்வழியே நுழைவது

சென்னையில் இரவு ரயிலேறுகிறவர் மறுநாள் காலையில் எர்ணாகுளத்தில் இறங்கலாம். எர்ணாகுளம் மற்றெந்தப் பெருநகரத்தையும் போலவே கடைவீதிகளும், உயர்ந்த கட்டடங்களும், 2017 இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலும் உடைய ஊர். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய கொச்சி காயலுக்கு அப்பால், மேற்கே இருக்கிறது. பாலங்களின் வழியாக மோட்டார் வண்டியில் அங்கே போய்ச் சேர்வது சாத்தியந்தான் என்றாலும், துறைமுகமாகப் பிறந்த ஊருக்குள் முதன்முறையாக நுழைகிறவர் தண்ணீரின் வழியே நுழைவதுதான் முறை. அரசாங்க நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகுகள் எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து, சில ரூபாய்க் கட்டணத்தில், காரியாலயத்துக்குப் போகிறவர்களையும் பள்ளிச் சிறுவர்களையும் மீன் கூடைக்காரிகளையும் பேதமின்றி ஏற்றிக்கொண்டு நாள் முழுவதும் குறுக்கே போய் வருகின்றன. 2023 ஏப்ரலில் தொடங்கிய 'வாட்டர் மெட்ரோ'வின் மின்சாரப் படகுகள் குளிரூட்டப்பட்டவை, சப்தமற்றவை, இதே ஊரின் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டவை. தீவுகளில் வாழும் ஜனங்களுக்கு நகரத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த அந்த ஏற்பாட்டை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இரண்டிலும் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும். பழைய படகில் காற்று முகத்தில் அடிக்கும், புதிய படகில் கண்ணாடி வழியே காட்சி விரியும்.

படகு நடுக்காயலை அடைந்ததும் வலப்புறத்தில் டச்சுக்காரர் 1744 இல் கட்டிய மாளிகையுள்ள போல்காட்டித் தீவும், அதற்கப்பால் வல்லார்பாடத்தின் ராட்சசப் பாரந்தூக்கிகளும் தென்படுகின்றன. இடப்புறத்தில் நீண்டு கிடக்கும் வில்லிங்டன் தீவை இயற்கை படைத்த தீவென்று எண்ணுகிறவர்களே அதிகம். அதன் கதையைச் சற்று விரிவாகச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வெள்ளம் திறந்துவிட்ட வாயிலுக்குக் குறுக்கே, தண்ணீருக்கடியில், பாறைபோல் இறுகிய ஒரு மணல் திட்டு கிடந்தது. அதனால் பெரிய கப்பல்கள் காயலுக்குள் நுழைய இயலாமல் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, சரக்குகளைத் தோணிகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவரும் நிலைமை நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது. மழைக்காலத்தில் அதுவும் முடியாது. அக்காலத்தில் கோட்டைப் பகுதியாகிய ஃபோர்ட் கொச்சி சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. எர்ணாகுளமும் மட்டாஞ்சேரியும் கொச்சி மகாராஜாவுக்கு உரியவை. காயலின் தென்பகுதியோ திருவிதாங்கூருக்கு உரியது. சென்னை கவர்னராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் ஏற்பாட்டில் 1920 இல் அங்கே வந்து சேர்ந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர், அந்தத் திட்டை வெட்டினால் கடல் பொங்கி வைப்பின் என்னும் தீவின் கரையை அழித்துவிடும் என்று அஞ்சியவர்களுக்கு அலைகளின் போக்கையும் மணலின் நகர்வையும் அளந்து காட்டி விடை சொன்னார். மூன்று அரசாங்கங்களின் சம்மதத்தையும் பெற்றார். பிரபுவின் பெயரையே தாங்கிய தூர்வாரிக் கப்பலைக் கொண்டு திட்டைப் பிளந்தார். 1928 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆம் தேதி 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் அந்தப் புதிய கால்வாய் வழியாக உள் துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டியெடுத்த மண்ணையெல்லாம் காயலில் கொட்டி எழுப்பிய நிலந்தான் வில்லிங்டன் தீவு. துறைமுக காரியாலயமும், கடற்படைத் தளமும், 1947 முதல் தேயிலை ஏலம் நடந்து வரும் சந்தையும் அந்த மண்ணின்மேல் எழுந்தவை. மனித யத்தனம் இயற்கையோடு பகைக்காமல், அதன் போக்கைக் கற்றுக்கொண்டு அதற்கிசையக் காரியத்தைச் சாதித்ததற்கு நம் கரையில் இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

கழிமுகத்து வலைகள்

ஃபோர்ட் கொச்சியில் இறங்கியவுடன் முதலில் கண்ணில் படுபவை சீன வலைகள். உலகம் முழுவதிலும் கொச்சிக்கு அடையாளமாகப் பிரசுரமாகிற படம் அவற்றினுடையதே. பதினான்காம் நூற்றாண்டில் சீன வணிகர் கொண்டுவந்து கொடுத்தவை என்பாரும், மக்காவுக்கும் கொச்சிக்கும் கப்பல் விட்ட போர்த்துகீசியர் வழியாகப் பிற்காலத்தில் வந்தவை என்பாரும் உளர். தேக்கு மரமும் மூங்கிலும் கொண்டு, மூன்று ஆள் உயரத்துக்கும் மேலாக, கரையில் நாட்டப்பட்ட ஒரு பெரிய நெம்புகோல் அது. ஒரு முனையில் விரிந்த வலை. மறு முனையில் கயிறுகளில் கட்டித் தொங்கவிட்ட கருங்கற்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து கட்டையை அமிழ்த்தினால் வலை நீருக்குள் இறங்கும்; சில நிமிஷங்கள் கழித்துக் கயிறுகளைப் பிடித்து இழுத்தால், கற்கள் ஒவ்வொன்றாகத் தரையைத் தொட, வலை தண்ணீரைச் சொரிந்துகொண்டு மேலே எழும். பாரத்துக்கும் எதிர்ப் பாரத்துக்கும் உள்ள சமநிலை அவ்வளவு நுட்பமாக அமைந்திருப்பதால், மெலிந்த ஒருவன் மரத்தின்மேல் சற்று முன்னே நடந்தாலே அது சாயத் தொடங்குகிறது.

மாலைச் சூரியனை வலைக்குப் பின்னால் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிற பிரயாணிகள் வலை மேலே வரும்பொழுது அதில் என்ன இருக்கிறதென்று பார்ப்பதில்லை. பல சமயங்களில் அதில் இருப்பது ஒரு கைப்பிடி சிறு மீனும், நாலைந்து இறாலும், மேலேயிருந்து அடித்துவரப்பட்ட ஆகாயத்தாமரைக் கொத்தும், பிளாஸ்டிக் குப்பையுமே. மழைக்குப் பிறகு காயல் நீரின் உப்பு குறைந்ததும் பெருகுகிற அந்தக் களை, வலையைக் கிழித்து, இழுக்கிறவர்களின் முதுகையும் ஒடித்துவிடுகிறது. பழுதான தேக்குக் கட்டையை மாற்றுவதற்கு ஆகும் செலவு மீன் விற்ற வரும்படியில் கட்டுபடியாவதில்லை. ஆகையால் வலைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. சிலவற்றில் மரத்துக்குப் பதிலாக இரும்புக் குழாய்கள் ஏறிவிட்டன. பிரயாணிகளைக் கயிற்றைப் பிடித்து இழுக்கச் செய்து அவர்கள் கொடுக்கும் பணத்தில் அன்றைய கூலியைச் சரிக்கட்டிக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் அந்த மீனவர்களுக்கு ஏற்பட்டிருக்கிறது. ஒரு தேசத்தின் விளம்பரச் சின்னமாக விளங்கும் தொழிலைச் செய்பவர்கள் அத்தொழிலால் வயிறு வளர்க்க முடியாமலிருப்பது நியாயமன்று. விளம்பரத்தால் லாபமடைகிற அரசாங்கமும் விடுதிக்காரர்களும் அவர்களுக்கு மரத்தையும் தூய்மையான நீரையும் உறுதிசெய்து கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

கரையிலிருந்து சற்று உள்ளே நடந்தால் தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடித்த வீதிகள் தொடங்குகின்றன. அவற்றின் கிளைகள் வீதியின் குறுக்கே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்பதால் சித்திரை மாதத்து நடுப்பகலிலும் நிழலிலேயே நடக்கலாம். ஒரு காலத்தில் மூன்று தேசத்துச் சிப்பாய்களும் மாறி மாறிக் கவாத்து செய்த மைதானத்தில் இப்போது பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். அதன் அருகே, ஐரோப்பியர் இந்தியாவில் கட்டிய முதல் கோயிலென்று சொல்லப்படும் புனித பிரான்சிஸ் தேவாலயம் இருக்கிறது. 1503 இல் மரத்தால் எழுந்து, பின்னர் கல்லால் புதுப்பிக்கப்பட்ட அது, கத்தோலிக்கரிடமிருந்து டச்சுப் புராட்டஸ்டண்டுகளுக்கும், அவர்களிடமிருந்து ஆங்கிலிக்கருக்கும் கைமாறி, இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்திருக்கிறது. 1524 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் அடக்கம் செய்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் எலும்புகளைப் போர்த்துகலுக்குக் கொண்டுபோய்விட, இன்று எஞ்சியிருப்பது கம்பி வேலியிட்ட ஒரு கல். பிரயாணிகள் அந்தக் கல்லைச் சுற்றித்தான் கூடுகிறார்கள். என் கண்களோ மேலே தொங்கிய பங்காக்களின்மீது சென்றன. நீண்ட துணி விசிறிகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்க, அவற்றின் கயிறுகள் சுவரிலிட்ட துவாரங்கள் வழியே வெளியே போகின்றன. உள்ளே பிரார்த்தனை நடக்கும் நேரமெல்லாம் வெளியே வெயிலில் உட்கார்ந்து அந்தக் கயிறுகளை இழுத்தவர்கள் இருந்தார்கள். காமாவுக்குக் கல் இருக்கிறது. அவர்களுக்கு அந்தத் துவாரங்களே அடையாளம்.

ஒரு சுவரின் இரு புறம்

ஃபோர்ட் கொச்சியிலிருந்து மட்டாஞ்சேரி நடக்கக்கூடிய தூரந்தான். அங்கே 'டச்சு அரண்மனை' என்று வழங்கப்படும் மாளிகையை உண்மையில் கட்டியவர்கள் போர்த்துகீசியர். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் கொச்சி ராஜாவுக்குக் காணிக்கையாகக் கட்டிக்கொடுத்தார்கள். டச்சுக்காரர் பழுது பார்த்துப் பெயரைத் தட்டிக்கொண்டு போனார்கள். வெளித்தோற்றம் எளியது. நடுமுற்றத்தைச் சுற்றி அமைந்த மலையாள நாலுகெட்டு வீட்டின் விஸ்தரிப்பே அது. ஆனால் ராஜாவின் சயன அறைக்குள் நுழைந்தால், தரைக்குச் சற்று மேலே தொடங்கிக் கூரைவரை ராமாயணம் முழுவதும் சுவர்களில் விரிந்து கிடக்கிறது. காவியும் மஞ்சளும் பச்சையும் வெள்ளையும் கறுப்பும் ஆகிய வர்ணங்களைக் கொண்டே, ஒருவர் தோளோடு ஒருவர் தோளுரச, விரல் நுழைய இடமில்லாமல் தேவரும் அரக்கரும் வானரரும் நெருங்கி நிற்கிறார்கள். அலங்காரத்தில் கதகளி வேஷத்தின் சாயலைக் காணலாம். படமெடுக்க அனுமதியில்லை, ஆகையால் பார்க்க வந்தவர்கள் இங்கே மட்டுமாவது கண்ணால் பார்க்கிறார்கள்.

அந்த அரண்மனை வளாகத்துக்குள் கொச்சி ராஜகுடும்பத்தின் குலதெய்வமாகிய பழையன்னூர் பகவதியின் கோயில் இருக்கிறது. கோயில் வளாகத்தின் சுவருக்கு மறுபுறத்தில் யூதர்களின் ஜெப ஆலயம் இருக்கிறது. இந்த அண்மை தற்செயலாக நேர்ந்ததன்று. போர்த்துகீசியரின் தொல்லைக்கு உள்ளாகி அடைக்கலம் தேடி வந்த யூதர்களுக்குக் கொச்சி ராஜா தம் அரண்மனையின் ஓரத்திலேயே நிலம் கொடுத்தார். 1568 இல் அவர்கள் தங்கள் ஆலயத்தை அங்கே எழுப்பினார்கள். 1662 இல் டச்சுக்காரருக்கு உதவினார்கள் என்ற கோபத்தில் போர்த்துகீசியர் அதைச் சேதப்படுத்திய பிறகும், அடுத்த ஆண்டே ஆட்சி மாறியதும் யூதர்கள் அதைத் திரும்பவும் சீர்படுத்திக்கொண்டார்கள். மாலையில் பகவதிக்குத் தீபாராதனை நடக்கும் மணியோசையும், ஓய்வுநாள் தொடங்குகிற வேளையில் ஓதப்படும் ஹீப்ரு மந்திரமும் ஒரே காற்றில் கலந்து நானூறு ஆண்டுகள் ஒலித்தன என்பதை நினைக்கும்போது, மற்ற மதத்தாரோடு எப்படி வாழ்வது என்பதைப் பற்றி இன்று நடக்கும் உரத்த வாதங்களெல்லாம் சிறுத்துப் போகின்றன.

ஆலயத்தின் தரையில் பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து தருவிக்கப்பட்ட, கையால் நீல வர்ணம் தீட்டிய வெண்ணிற ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்பார்கள். காலணிகளை வெளியே விட்டுவிட்டு அந்தக் குளிர்ந்த ஓடுகளின்மேல் நடக்கவேண்டும். தலைக்கு மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். வெளியே டச்சுக் காலத்துப் பெருவணிகர் எசகியேல் ரஹாபி கட்டுவித்த மணிக்கூண்டு. எனினும் அவ்வாலயத்தின் உண்மையான பொக்கிஷம் செப்பேடுகள். ஏறக்குறைய 1000 ஆம் ஆண்டில் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு எழுபத்திரண்டு உரிமைகளை அளித்துப் பொறித்துக் கொடுத்த சாஸனம் அது. பகலில் விளக்கேந்திச் செல்லவும், நடக்கும் வழியில் துணி விரிக்கவும், பல்லக்கிலேறவும், குடை பிடிக்கவும், முரசும் காகளமும் முழக்கவும், தோரணம் கட்டவும் அதில் உரிமை தரப்பட்டிருக்கிறது. எழுத்து வட்டெழுத்து, மொழியோ, மலையாளம் தமிழிலிருந்து முற்றிலும் பிரிந்துவிடாத காலத்து மொழியாதலால், சற்றுச் சிரத்தையோடு வாசித்துக் காட்டினால் நமக்கும் பெருமளவு விளங்குகிறது. உலகமெங்கும் துரத்தப்பட்ட ஒரு ஜனசமூகத்துக்கு, அரசர்க்குரிய மரியாதைகளைக் கொடுத்து இருத்திக்கொள்ளும் வாசகம் நம்முடைய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறதென்பது தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டிய செய்தி.

1968 இல் அந்த ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழா பிரதமர் இந்திரா காந்தியின் முன்னிலையில் நடந்தபோது, கொண்டாட வேண்டியவர்களில் பெரும்பாலோர் அங்கே இல்லை. இஸ்ரேல் தேசம் 1948 இல் அமைந்த பிறகு, ஒருவரும் விரட்டாமலே, தங்கள் வேதத்தில் வாக்களிக்கப்பட்ட நிலத்தைத் தேடி அவர்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுவிட்டார்கள். பூவேலை செய்த தொப்பிகளையும் மேஜை விரிப்புகளையும் தைத்து விற்றுக்கொண்டு, அந்த வீதியின் முகமாகவே விளங்கிய மூதாட்டி 2019 இல் காலமானார். அவருடைய கடைசி ஆண்டுகளில் அவரைத் தாய்போல் பேணியவர்கள் அண்டையிலிருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தார். வீதி இன்னும் 'யூத வீதி' என்றே அழைக்கப்படுகிறது; மிளகும் ஏலமும் நிறைந்திருந்த அதன் கிடங்குகளில் பெரும்பாலானவை இப்போது பழம்பொருட் கடைகளாகிவிட்டன.

வில்லைக்காக நடந்த யுத்தம்

ஆனால் யூத வீதியிலிருந்து பஜார் ரோடு பக்கமாகத் திரும்புகிறவருக்கு வியாபாரம் இன்னும் உயிரோடிருக்கும் மட்டாஞ்சேரி அகப்படும். காயலுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கும் கிடங்குகளின் கனத்த கதவுகளுக்குப் பின்னால் அரிசியும் பருப்பும் சுக்கும் மிளகும் மலை மலையாகக் குவிந்திருக்கின்றன. முற்றங்களில் உலரும் சுக்கின் காரம் தெரு முழுவதும் மூக்கைத் துளைக்கிறது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மூட்டை சுமப்பவர்கள் லாரிக்கும் கிடங்குக்கும் இடையே ஓடுகிறார்கள். இந்த வீதியில் நிற்கும்பொழுது, துறைமுகத்தின் செழிப்பை முதுகில் சுமந்தவர்களின் சரித்திரத்தை அறியாமல் திரும்பினால், கொச்சியைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

கப்பல் வந்த நாட்களில் விடியற்காலையில் வேலை தேடி நூற்றுக்கணக்கானவர் கூடுவார்கள். கங்காணி மேடையேறி 'சாப்பா' என்னும் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். அகப்பட்டவனுக்கு அன்றைக்கு வேலை, அகப்படாதவனுக்குப் பட்டினி. வில்லையொன்றுக்காக அண்ணனும் தம்பியும் மண்ணில் புரண்டு அடித்துக்கொண்டார்கள். கையொடிந்தவர்களும் மண்டையுடைந்தவர்களும் உண்டு. மனிதரை நாய்களாக்கிய அந்த வழக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் திரண்டபோது, 1953 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15 ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள், தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பின்னர் அந்த வழக்கமே ஒழிந்தது. ராஜீவ் ரவி இயக்கி 2023 இல் வெளிவந்த 'துறமுகம்' என்ற மலையாளத் திரைப்படம் இந்தச் சரித்திரத்தையே பொருளாகக் கொண்டது. கொச்சிக்குப் புறப்படுமுன் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு, பஜார் ரோட்டின் ஒவ்வொரு கிடங்கும் வேறாகத் தோன்றும்.

இதே வீதிகளிலிருந்து சங்கீதமும் பிறந்தது. கல்யாண வீடுகளில் பாடிப் பாடியே ஊராரின் அன்புக்குப் பாத்திரமாகிச் சினிமாவிலும் புகழ்பெற்ற மெஹபூப் மட்டாஞ்சேரிக்காரர். 1981 இல் மறைந்த அவருடைய பாட்டுக்களை இன்றும் இரவு நேரங்களில் ஆர்மோனியத்தோடும் தபலாவோடும் பாடுகிற கூட்டங்கள் உண்டு. அத்தகைய இடமொன்றில், எலுமிச்சை பிழிந்த சுலைமானித் தேநீரோடு உட்கார்ந்திருக்கும் பாக்கியம் கிடைத்தால் நழுவ விடக்கூடாது. சாப்பாட்டைப் பொறுத்தவரை, குடம்புளியிட்ட மீன் குழம்பும் வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீனும் எங்கும் கிடைக்கின்றன. மட்டாஞ்சேரியின் பிரியாணியும், ஃபோர்ட் கொச்சியின் ரொட்டிக் கடைகளில் டச்சுக்காரர் விட்டுச்சென்ற 'ப்ரூடர்' என்னும் இனிப்பு ரொட்டியும் இந்த ஊருக்கே உரியவை.

வெளியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள்

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில், பிரயாணிகளில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட எட்டிப் பாராத ஒரு சலவைத் துறை இருக்கிறது. 'தோபி கானா' என்று சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார். சிப்பாய்களின் உடுப்புகளை வெளுப்பதற்காக டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் சந்ததியார் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்கள், வண்ணார் சங்கம் என்ற அமைப்பின்கீழ் இன்றும் அங்கே அத்தொழிலை நடத்தி வருகின்றன. வரிசையாகக் கட்டிய தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துவைக்கல். அப்பால் திறந்த வெளியில், இரட்டையாக முறுக்கிய கயிறுகள் நீளநீளமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. துணியின் முனையை அந்த முறுக்குக்குள் செருகிவிட்டால் கடற்காற்றிலும் அது கழல்வதில்லை. கஞ்சி போட்டு உலர்த்திய துணிகளைச் சிரட்டைக் கரி நிரப்பிய கனத்த பெட்டியால் தேய்க்கிறார்கள். விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் மருத்துவமனைகளின் வெள்ளை உடுப்புகளும் இங்கே வந்து போகின்றன.

கையேடு இந்த இடத்துக்கு இரண்டு வரிகளுக்குமேல் ஒதுக்குவதில்லை. எனக்கோ கொச்சியில் மிகவும் மனம் நிறைந்த இடம் இதுதான். வெயிலேறிய கயிறுகளுக்கிடையே நின்று ஒரு பெரியவரோடு பேசினேன். மலையாளத்தின் ஓசை ஏறிய தமிழ், ஆனால் தமிழேதான். தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து வந்த டச்சு, ஆங்கில அரசுகளுக்கு வெளுத்துக் கொடுத்து, அந்த அரசுகள் இரண்டும் போன பிறகும் அதே கல்லின் அருகே நிற்கும் அவர்களுடைய பிள்ளைகள் இப்போது படித்து வேறு உத்தியோகங்களுக்குப் போகிறார்கள். அது வரவேற்கத்தக்கதே. இந்தத் தொழில் அழியாமலிருக்க வேண்டுமென்று வெளியூரிலிருந்து வந்து ஆசைப்படுவதற்கு நமக்கு உரிமையில்லை. நடக்கும் வரையில் அதற்கு உரிய கூலி கிடைக்கவேண்டுமென்று கேட்பதற்கு உரிமையுண்டு.

கொச்சியைச் சுற்றுலா வாழவைக்கிறதா, விழுங்குகிறதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பியனாலே என்னும் கலை விழா, பாழடைந்து பூட்டிக் கிடந்த ஆஸ்பின்வால் மாளிகையையும் மிளகுக் கிடங்குகளையும் திறந்து, உலகத்து ஓவியர்களையும் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து நிறுத்தியது. அது பெரிய நன்மை. பழைய வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே இரண்டு அறைகளை ஒதுக்கி விருந்தினரை வைத்துக்கொள்ளும் வழக்கத்தால் பல வீடுகள் இடிபடாமல் தப்பின, அதுவும் நன்மையே. ஆனால் வீட்டுக்காரரே வெளியேறி, வீடு முழுவதும் விடுதியாகி, வீதியில் இரவு விளக்கெரிந்தாலும் குடியிருப்பவர் ஒருவருமில்லாத நிலைமை சில தெருக்களில் தோன்றிவிட்டது. காய்கறிக் கடையும் மருந்துக் கடையும் இருந்த இடத்தில் ஒரேமாதிரியான நினைவுப்பொருட் கடைகள் முளைக்கின்றன. வந்தவர்களையெல்லாம் குடிமக்களாக்கிய ஊரில் குடிமக்களே இடம்பெயர வேண்டி வருமானால், பிறகு அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கும்?

இதில் பிரயாணியின் கையில் இருப்பது சொற்பமானாலும், இருப்பதைச் செய்யவேண்டும். மழை ஓய்ந்து காற்று குளிர்ந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் போங்கள். ஆண்டிறுதி இரவில் 'பப்பாஞ்ஞி' என்னும் கிழவனின் பெரிய உருவத்தைக் கடற்கரையில் கொளுத்திப் புத்தாண்டை வரவேற்கும் விழாவைக் காண விரும்பினால், நெரிசலுக்குத் தயாராகப் போங்கள். ஒரே பகலில் எல்லாவற்றையும் ஓட்டமாகப் பார்த்துவிட்டு மூணாறுக்கோ ஆலப்புழைக்கோ விரைந்துவிடாமல், இரண்டு இரவாவது காயலுக்கு அப்பால், பழைய கொச்சியில், குடும்பம் குடியிருக்கும் வீடொன்றில் தங்குங்கள். வெள்ளிக்கிழமை அரண்மனையும், சனிக்கிழமை ஜெப ஆலயமும் மூடியிருக்கும். அதற்கேற்ப நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். வலைக்காரரைப் படமெடுத்தால் அவரிடமே அன்றைய மீனை வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலைக் காயலில் எறியாதீர்கள், அது அவர் வலைக்குத்தான் போய்ச் சேரும். ஊர் திரும்புவதற்கு முந்திய நாள் உங்கள் துணிகளை வெளியிலுள்ள சலவைத் துறைக்கு எடுத்துப்போய்த் தமிழிலேயே பேசிக் கொடுங்கள். அவர்கள் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.